கொம்பி பொய்லரைக் கழற்றாமலே சிலிண்டர் சேர்க்கலாம்

ஆசிரியருக்கு,

லொஃப்டில் அறை எடுத்து இரண்டாவது குளியலறை வைப்பவர்கள், இருக்கும் கொம்பி பொய்லரை (றேடியேற்றர்களையும் சூடாக்கி, குழாய்த் தண்ணீரையும் சேமித்து வைக்காமல் அப்போதைக்கப்போது சூடாக்கித் தரும் பொய்லர்) கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய கொம்பி போடவேண்டும் என்று தங்கள் பத்திரிகையின் வீடு பற்றிய பக்கத்தில் வந்த ஆலோசனையைப் படித்தோம். லண்டன் வீடுகளில் பெரும்பாலும் அது வீண் செலவு.

கணக்கைப் பாருங்கள். 30 கிலோவாற் கொம்பி, தண்ணீரின் சூட்டை 35 பாகை உயர்த்தி நிமிடத்துக்கு 12 லீற்றர் அளவில்தான் தரும். மாரியில் தெருக்குழாய்த் தண்ணீர் 5 முதல் 8 பாகையில் வருகிறது; குளிக்க 40 பாகை வேண்டும். ஆகவே அது ஒரு நல்ல ஷவருக்கு மட்டும் போதும். மேலே ஒருவர் குளிக்கும்போது கீழே மற்றவர் குளித்தால் இருவருக்கும் அரைகுறைதான். 40 கிலோவாற் போட்டாலும் 16 லீற்றர்தான் கிடைக்கும். அதே பொய்லரின் றேடியேற்றர் பக்கமோ, பல வீடுகளில் கடும் குளிரிலும் 10 கிலோவாற்றுக்குக் கிட்டத்தான் வேலை செய்கிறது. அந்த மிச்ச வலுவைக் கொண்டு, சுடுதண்ணீரைச் சேமித்து வைக்கும் ஒரு சிலிண்டரைச் சூடாக்கலாம். 200 லீற்றரை 10 பாகையிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 11.6 கிலோவாற்-மணி தேவை. பொய்லரின் சூட்டைச் சிலிண்டர் தண்ணீருக்குக் கொடுக்கும், 20 கிலோவாற் வாங்கும் குழாய்ச் சுருள் உள்ளே இருந்தால் 35 நிமிடம். சிலிண்டருக்குள் இருக்கும் 3 கிலோவாற் மின்கம்பியால் (இமர்ஷன் ஹீற்றர்) கிட்டத்தட்ட நாலு மணி.

ஆனால் சிலிண்டர் வாங்குமுன் வாளி எடுங்கள். தெருவிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் இடத்துக்குக் கிட்டவான குழாயை, பிள்ளைகள் பள்ளிக்கு வெளிக்கிடும் காலை நேரத்தில், முழுதாகத் திறந்து 10 லீற்றர் வாளியை நிரப்புங்கள். 30 விநாடிக்குள் நிரம்பினால் நிமிடத்துக்கு 20 லீற்றர். மேலே தொட்டி இல்லாமல் தெருக்குழாயின் அழுத்தத்திலேயே இயங்கும் மூடிய சிலிண்டருக்கு அது போதும். ஒரு நிமிடம் எடுத்தால் எந்த மூடிய சிலிண்டரும் உங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு நல்ல ஷவர் தராது. அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டி "4 பார் இருக்கிறது" என்று சொல்பவரிடம், குழாய் திறந்திருக்கும்போது எவ்வளவு என்று கேளுங்கள். ஓடும்போது 1.5 பாருக்குக் கீழே விழுந்தால் தெருவிலிருந்து வரும் பழைய ஈயக் குழாயையோ மெல்லிய குழாயையோ 25 அல்லது 32 மி.மீ. பிளாஸ்டிக் குழாயாக மாற்றவேண்டியிருக்கும். பொய்லருக்குக் கேட்கும் காசை அதில் போடுவது புத்தி.

இணைப்பு முறை இதுதான். கொம்பியின் றேடியேற்றர் வெளிக்குழாயை 22 மி.மீ.இல் எடுத்து இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் ஓர் இருவழி மோட்டர் வால்வு வைக்கவேண்டும்: ஒன்று றேடியேற்றர்களுக்கு, மற்றது சிலிண்டர் சுருளுக்கு. குசினிச் சுடுதண்ணீரைப் பழையபடி கொம்பியிலேயே விட்டுவிடலாம். குளியலறைகள் சிலிண்டருக்குப் போகட்டும். சுருளிலிருந்து திரும்பும் குழாய், எல்லா றேடியேற்றர் குழாய்களும் சேர்ந்தபிறகு, பொய்லருக்கு முன் கடைசியாகச் சேரவேண்டும். இதைக் கவனிக்காமல் நடுவில் கொழுவிவிட்டால் ஆடி மாதத்திலும் ஏதாவதொரு றேடியேற்றர் சுடும். வீட்டுக்காரர் வால்வைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். சுருளின் மேட்டில் காற்று விடும் வாய், பள்ளத்தில் வடிகுழாய், முடிவில் துருத்தடுப்பு மருந்து. தண்ணீரை வடித்த பின் மருந்தைத் திரும்ப ஊற்ற மறப்பவர்கள்தான் அதிகம்.

வயரிங்கில்தான் பொய்லர்கள் சாகின்றன. மோட்டர் வால்வின் பழுப்பு, நீல வயர்கள் 230 வோல்ற் மோட்டருக்கு. சாம்பலும் செம்மஞ்சளும் உள்ளே இருக்கும் சிறு சுவிட்சுக்கு. பல கொம்பிகளின் தெர்மோஸ்டாற் முனைகள் குறைந்த வோல்ற்றில் இயங்குபவை. வழக்கப்படி சாம்பலுக்கு 230 கொடுத்து, செம்மஞ்சளை அந்த முனையில் போட்டால் பொய்லரின் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை எரிந்துபோகும். அப்படியான பொய்லருக்கு அந்த இரு வயர்களும் மின்சாரம் எதுவும் கலக்காமல் சுவிட்சாக மட்டும் போகவேண்டும். கையேட்டைப் பார்க்காமல் தொடக்கூடாது.

மூடிய சிலிண்டரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜி3 தகுதி (இவ்வகைச் சிலிண்டர் வேலைக்கான தகுதி) உள்ளவர்தான் பூட்டலாம். கட்டட ஒழுங்குத் துறைக்கு அறிவிக்கவும் வேண்டும். பொய்லரின் வாயுப் பகுதியைத் தொடுவதென்றால் வாயு வேலை செய்பவர்களுக்கான கேஸ் சேஃப் பதிவு வேண்டும். இது வெறும் கடதாசி வேலையல்ல. தெர்மோஸ்டாற் பழுதாகி நூறு பாகையைத் தாண்டிய தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டு நின்றால் சிலிண்டர் வெடித்து வீட்டுச் சுவரையே தள்ளும். அதனால்தான் தெர்மோஸ்டாற்றுக்கு மேலதிகமாக, சுருளின் மோட்டர் வால்வை மூடும் தனி வெட்டும் சுவிட்ச், 90 பாகையில் அல்லது 7 பாரில் திறக்கும் வால்வு இரண்டும் கட்டாயம். அந்த வால்வின் 15 மி.மீ. குழாய், டண்டிஷ் எனும் திறந்த புனலுக்குள் விழும். புனலுக்குக் கீழே 22 மி.மீ. குழாய், முதல் 300 மி.மீ. நேர் செங்குத்தாக. அதன் மொத்த நீளம் 9 மீற்றருக்குள் இருக்கவேண்டும். ஒவ்வொரு முழங்கையும் அதில் 0.8 மீற்றரைத் தின்றுவிடும். லொஃப்ட் மூலையில் சிலிண்டரை வைக்க ஆசைப்படுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். போதாததற்கு, 210 லீற்றர் சிலிண்டர் நிரம்பினால் கால் தொன் கனம்; கீழே இருக்கும் மரச்சட்டங்கள் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

வாயுக் கட்டணத்தை மிச்சம்பிடிக்க பொய்லரின் சூட்டை 55க்கு இறக்கச் சொல்லும் ஆலோசனை கொம்பிக்கு நல்லது. ஆனால் இப்படிச் சிலிண்டர் சேர்த்தபின் 55இல் வைத்தால், 60க்கு வைத்த சிலிண்டர் தெர்மோஸ்டாற் ஒருபோதும் திருப்திப்படாது. பொய்லர் அணைந்து எரிந்து அணைந்து கொண்டிருக்கும். 60 என்பது லெஜியோனெல்லா கிருமிக்காக, அதைக் குறைக்காதீர்கள். பொய்லரை 70இல் வையுங்கள், அல்லது சுடுதண்ணீருக்கு ஒரு சூடும் றேடியேற்றருக்கு இன்னொரு சூடும் தரக்கூடிய கட்டுப்பாட்டைப் போடுங்கள்.

ஆளுக்கு 40 லீற்றர் என்று அளவெடுங்கள். தாத்தா, பாட்டியோடு ஐந்து பேர் என்றால் 200 லீற்றர். இன்னும் சில வருடத்தில் பொய்லருக்குப் பதிலாக, மின்சாரத்தில் ஓடி வெளிக்காற்றின் சூட்டை எடுக்கும் ஹீற் பம்ப் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே 3 சதுர மீற்றர் சுருள் உள்ள சிலிண்டரை வாங்குங்கள். சாதாரணச் சுருள் அதற்குச் சின்னது.

பூட்டியபின் வருடம் ஒருமுறை சேர்விஸ் வேண்டும். இடையில் டண்டிஷைப் பாருங்கள். தண்ணீர் சூடாகும்போது மட்டும் சொட்டினால், சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்று இறங்கியிருக்கும். சிலிண்டரின் தண்ணீர் அழுத்தத்தை விடுவித்துவிட்டு 3 பார் அளவில் காற்றேற்றினால் நிற்கும். குளிர்ந்திருக்கும்போதும் சொட்டினால் அழுத்தம் குறைக்கும் வால்வு தேய்ந்திருக்கலாம். டண்டிஷில் கொதிநீர் கொட்டிக்கொண்டிருந்தால் பொய்லரையும் மின்கம்பியையும் உடனே நிறுத்துங்கள். தண்ணீர்க் குழாயை மூடவேண்டாம். ஜி3 ஆள் வரும்வரை அது ஓடட்டும்.

இங்ஙனம்,
வெப்பமூட்டல் வேலை செய்யும் இருவர்,
கிழக்கு லண்டன்