பின்பக்கத்தையும் படம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆற்று மணலில் கிடைத்த 'கம்பெனி காலத்து நாணயம்' என்று போன வாரம் நம் நாளிதழில் வந்த படத்தைப் பார்த்தேன். அது நாணயம் இல்லீங்க, பட்டன். வெள்ளைக்காரச் சிப்பாய் சட்டையில் இருந்த பித்தளைப் பட்டன்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், இதே மாதிரி ஒன்றை நானூறு ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்தவன் நான். காயலான் கடையில் பழைய காலணாக்களோடு கலந்து கிடந்தது. நடுவில் கேடயம், இரண்டு பக்கமும் மிருகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835 காலணாவிலும் அப்படித்தானே இருக்கும் என்று எடுத்து வந்துவிட்டேன். அப்பா தையல்காரர். கையில் வாங்கியவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, திருப்பிக் கட்டைவிரலால் முதுகைத் தடவிவிட்டு, "இதுக்குக் காஜா கொஞ்சம் பெருசா எடுக்கணும்டா" என்றார். அங்கே கடுகளவில் இரண்டு மேடு. நூல் கோக்கிற வளையம் ஒடிந்து, பற்றவைத்த இடம் மட்டும் மிச்சம்.

அப்புறம்தான் முன்பக்கத்தையும் ஒழுங்காகப் பார்த்தேன். கம்பெனிக் காலணாவில் இரண்டு பக்கமும் சிங்கம். பட்டனில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக் கொம்புக் குதிரை, அது பிரிட்டிஷ் அரச முத்திரை. உங்கள் படத்திலும் அந்தக் கொம்பு தெரிகிறது. 1871இல் பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் எண் போட்ட பட்டனை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் பொதுவாக இந்த முத்திரைப் பட்டனைக் கொடுத்தார்கள், அதனால் எங்கள் திருச்சி மாதிரி கண்டோன்மென்ட் இருந்த ஊர்ப் பக்கம் இது கிடைப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. காலணா என்றால் மதிப்பும் வருடமும் போட்டிருக்கும், எடை ஆறரை கிராம் வரும். பட்டனின் முதுகில் செய்தவர் பெயரும் ஊரும்தான். என்னுடையதில் லென்ஸ் வைத்தால் 'ஸ்மித் அண்ட் ரைட், பர்மிங்ஹாம்' என்று வட்டமாக ஓடுகிறது. இன்னும் பழைய பட்டன்களில் 'ட்ரெபிள் கில்ட்' என்றும் இருக்கும். முலாம் கனமாகப் பூசியிருக்கிறோம் என்கிற விளம்பரம் அது, தங்கம் என்று யாரும் அடகுக் கடைக்குப் போய்விட வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை. மதராஸ் மாகாணத்துக்கென்று 1803, 1808 என வருடம் போட்டு வந்த இருபது காசுச் செம்பு நாணயங்களை அடித்ததும் அதே பர்மிங்ஹாமில்தான், மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில். அவர் குடும்பத் தொழிலே பட்டனும் பக்கிளும்! காசும் பட்டனும் ஒரே ஊரில் கிளம்பிக் கப்பலேறி வந்திருக்கின்றன, நாம் குழம்பியதில் பெரிய தப்பு இல்லை. (பொத்தான் என்ற சொல்லும் கப்பலில் வந்ததுதான், போர்த்துகீசியரிடமிருந்து.)

கண்டெடுத்தவர் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினார் என்று எழுதியிருந்தீர்கள். ஐயோ, அதைப் படித்ததும்தான் இந்தக் கடிதமே. முலாம் ஏதாவது மிஞ்சியிருந்தால் புளியில் போய்விடும், முதுகில் இருக்கும் எழுத்தும் மழுங்கும். வெறும் தண்ணீரில் அலசித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். அவரிடம் இன்னொரு முறை கேட்டு, எழுத்து மிச்சமிருந்தால் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், எந்தப் பட்டறை என்று படித்துவிடலாம்.

ஒரு வாசகர்,
திருச்சி.