மூன்றாம் அத்தியாயம் என்ன ஆயிற்று?

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. திருச்சி சித்தப்பா வழக்கம்போல்.

உன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 என்கிற மாணவர் சான்றுத் தாளில் பயணக் கையெழுத்து வாங்கிவிட்டாயா? ஊருக்கு வந்தாலும் வராவிட்டாலும் அது கையில் இருக்கட்டும். ஒரு வருஷத்துக்குத்தானே செல்லும்.

அப்புறம், உன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். போன தடவை அரசியல் அறிஞர் லின்ஸ் பேச்சை எடுத்ததும் "அதெல்லாம் போன்ல வேணாம்ப்பா" என்றாய். சரி என்று வைத்துவிட்டேன். சோற்றுக் கை காய்கிறவரை என்னோடு வாதாடியவள் நீ. கடிதத்திலாவது சண்டை போடலாம் அல்லவா?

அதிபர் ஆட்சி முறையின் ஆபத்துகளைப் பற்றி லின்ஸ் 1990இல் எழுதியதை எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அதிபரும் மக்கள் தேர்ந்தெடுத்தவர், சட்டமன்றமும் மக்கள் தேர்ந்தெடுத்தது. இரண்டும் முட்டிக்கொண்டால், யார் பேச்சு மக்கள் பேச்சு என்று தீர்க்க ஜனநாயகத்தில் விதி கிடையாது. பதவிக்காலமோ தேதி குறித்தது. அமெரிக்கா மட்டும் தப்பித்ததற்கு, அங்கே கட்சிகள் கட்டுக்கோப்பில்லாமல் தளர்ந்து கிடப்பதை ஒரு காரணமாகச் சொன்னார். பையன்கள் "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்பார்கள். அந்தக் கட்சிகள் இப்போது இறுகிவிட்டன, விதிவிலக்கும் போச்சு என்று எழுதப்போவதாக நீ சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியத்தையிடம்கூடச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அது வேறு.

2025 அக்டோபரில் ஆரம்பித்து 43 நாள், பட்ஜெட் இழுபறியில் அமெரிக்க அரசாங்கம் முடங்கிக் கிடந்தது. 2018-19இல் 35 நாள். விமானங்களுக்கு வழிசொல்கிறவர்கள் சம்பளமில்லாமல் வேலைக்குப் போனார்கள். நம் நாட்டில் 1999 ஏப்ரலில் ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொள்ள, வாஜ்பாய் அரசு 269-270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. மறுபடி தேர்தல், மறுபடி செலவு. ஆனால் ஒரு முடிவு வந்தது. அங்கே யாரும் பதவி இழக்கவில்லை, சம்பளம்தான் நின்றது. இதை ஒப்பிட்டு எழுதியிருக்கிறாயா? இல்லையென்றால் ஏன்? ஆறாவது வருஷம் நடக்கிறது, இன்னும் எத்தனை நாள் திருத்திக்கொண்டே இருப்பாய்?

இன்னொன்று, இதுவும் பாடம் சம்பந்தப்பட்டதுதான். அரசியல் அறிஞர் டால் 1971இல் ஜனநாயகத்துக்கு வேண்டிய எட்டு உத்தரவாதங்களை அடுக்கினாரே, அமைப்பில் சேரும் உரிமை, கருத்துச் சொல்லும் உரிமை என்று, அதெல்லாம் முழுக் குடியுரிமை உள்ளவர்களை வைத்துச் சொன்னது. விசாவில் வந்து, அங்கேயே வகுப்பெடுத்து, வாடகை கொடுத்து வாழ்கிறவர் அந்த எட்டில் எதை நம்பலாம்? மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் பேப்பரில் படித்தேன். உன் பழைய பதிவுகள் ஒன்றையும் காணோம் என்று சின்னவன் சொன்னான். நான் எதுவும் கேட்கவில்லை. ஆதாரமில்லாமல் நீ ஒரு வரி எழுதமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அம்மா கேட்கச் சொன்னாள்: விசா முத்திரை ஆகஸ்டோடு முடிந்ததே, தை மாதக் கல்யாணத்துக்கு வந்தால் சென்னையில் நேர்காணலுக்குப் போக வேண்டுமில்லையா? அங்கேயே இருக்கிறவரை தொந்தரவில்லை என்று நானும் விசாரித்துவிட்டேன். பாஸ்போர்ட் நகல் தனியாக வைத்துக்கொள். ராத்திரி லைப்ரரியிலிருந்து தனியாக வராதே. அந்தக் கையெழுத்தை மறந்துவிடாதே.

கல்யாணப் பத்திரிகை இந்த வாரம் அச்சுக்குப் போகிறது. உன் பேரையும் போடச் சொல்லிவிட்டேன். பேர் போட்டதால் வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. பெரியத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அத்தியாயத்தை மின்னஞ்சலில் அனுப்ப யோசனையாக இருந்தால் தாளில் அச்செடுத்துத் தபாலில் அனுப்பு. இரண்டு பக்கமும் அச்செடுக்காதே, திருத்த இடம் வேண்டும்.

அன்புடன்,
அப்பா