திரைப்படக் கழகத்தின் ஆண்டறிக்கை: வேற்றுக்கிரகத் திகில் படங்களோடு ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கடந்த ஏப்ரல் முதல் இவ்வாண்டு மார்ச் முடிய நம் கழகம் நடத்திய திரையிடல்கள் குறித்த அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வேற்றுக்கிரகவாசிகளை மனிதர்கள் எதிர்கொள்ளும் திகில் படங்களை மட்டுமே ஓராண்டு முழுவதும் திரையிடுவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறியபோது, எதிர்த்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன் என்பது பதிவேட்டில் உள்ளது. இவ்வகைப் படங்கள் ரப்பர் பொம்மைகளையும் வெடிச்சத்தத்தையும் நம்பி எடுக்கப்படுபவை என்ற எண்ணமே அதற்குக் காரணம். அந்த எண்ணத்தை முதல் திரையிடலே கலைத்துவிட்டது.

ரிட்லி ஸ்காட் இயக்கி 1979இல் வெளிவந்த ‘ஏலியன்’ படத்துடன் ஆண்டைத் தொடங்கினோம். ‘நோஸ்ட்ரோமோ’ என்னும் விண்வெளிச் சரக்குக் கப்பலில் பணியாற்றும் ஏழு பேர் சம்பளப் பங்கைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் முணுமுணுத்துக்கொண்டிருக்க, படம் அவசரமே இல்லாமல் நகர்கிறது. எச்.ஆர். கீகர் வடிவமைத்த அந்த உயிரினத்தின் உடைக்குள் இருந்தவர் பொலாஜி படேஜோ என்னும் நைஜீரியர். ஏறத்தாழ ஏழடி உயரமுடையவர். அத்தகைய ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டு, அவரை முழுதாகக் காட்டாமல் இருட்டிலும் நீராவியிலும் ஒளித்துவைத்த இயக்குநரின் கட்டுப்பாட்டைப் பற்றியே கலந்துரையாடல் நடந்தது. மார்பைப் பிளந்துகொண்டு குட்டி வெளிவரும் காட்சியில், என்ன நடக்கப்போகிறது என்று நடிகர்களுக்குத் தெரிந்திருந்தாலும், அவ்வளவு இரத்தம் தங்கள் மேல் தெறிக்கும் என்று தெரிந்திருக்கவில்லை; திரையில் நாம் காணும் முகமாற்றத்தில் பாதி நடிப்பல்ல.

ஜான் கார்பென்டரின் ‘தி திங்’ அடுத்து இடம்பெற்றது. 1982 ஜூன் 25 அன்று இப்படம் வெளிவந்தபோது, அன்பான வேற்றுக்கிரகக் குழந்தையைக் காட்டிய ‘ஈ.டி.’ திரைக்கு வந்து இரண்டே வாரம் ஆகியிருந்தது; ரசிகர்கள் அங்கே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததால் இது வசூலில் சறுக்கியது என்று சொல்லப்படுவதுண்டு. அண்டார்க்டிகா ஆய்வு நிலையத்தில் அடைபட்ட மனிதர்களுக்குள், எவருடைய உருவத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் உயிர் புகுந்துவிடுகிறது. ஒவ்வொருவரின் இரத்தத்தையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியை அதில் வைத்துச் சோதிக்கும் காட்சியை இரண்டாம் முறையும் ஓட்டச் சொல்லி உறுப்பினர்கள் கேட்டனர். இரண்டாம் முறை பார்க்கையில்தான் ஒன்று தெரிந்தது: எல்லாருடைய கவனமும் கட்டிப்போடப்பட்ட ஒருவரின் கோபத்தின் மேல் திரும்பியிருக்கும் நேரத்தில், யாரும் எதிர்பாராத கிண்ணத்திலிருந்து இரத்தம் துள்ளுகிறது. பயமுறுத்துவது அந்த இரத்தம் அன்று. நம் சந்தேகம் தவறான ஆளின் மேல் இருந்தது என்பதே.

ஜூலையில் மனோஜ் நைட் ஷியாமளனின் ‘சைன்ஸ்’ (2002) திரையிடப்பட்டது. புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த மாஹேயில் 1970இல் பிறந்தவர் என்பதால் அன்று கூட்டம் சற்று அதிகம். பிறந்தநாள் விழாவில் யாரோ எடுத்த ஆடும் வீடியோவில், சந்தின் குறுக்கே வேற்றுக்கிரகவாசியின் உருவம் ஒரே ஒரு நொடி கடந்துபோகும் இடத்தில் அரங்கம் ஒருசேர மூச்சை இழுத்தது. ஆனால் இறுதியில் அதனை வீட்டுக் கூடத்தில் நிறுத்தி நன்றாகக் காட்டியதும் அந்தப் பதைபதைப்பு வடிந்துவிட்டது என்பது என் கருத்து. தண்ணீர் பட்டால் வெந்துபோகும் ஓர் இனம் மேற்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீராக உள்ள பூமியைத் தேடி வருவானேன் என்று பொருளாளர் எழுப்பிய கேள்விக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

‘அரைவல்’ (2016) திரையிடலில் நேர்ந்த குறைக்கு நானே பொறுப்பேற்கிறேன். என் மடிக்கணினியில் இருந்த சப்டைட்டில் கோப்பு வசனத்துக்குச் சில நொடிகள் பின்தங்கியே ஓடியது. மொழியைப் புரிந்துகொள்வதைப் பற்றிய படத்தில் இப்படி நேர்ந்ததை உறுப்பினர்கள் சிரிப்போடு பொறுத்துக்கொண்டனர். டெட் சியாங்கின் சிறுகதையைத் தழுவி டெனி வில்நெவ் எடுத்த இப்படத்தில், உலகின் பன்னிரண்டு இடங்களில் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அவை ஒரு குண்டும் வீசுவதில்லை. வந்தவர்கள் எழுதிக்காட்டிய ஒரு சொல்லை ‘ஆயுதம்’ என்று படிப்பதா, ‘கருவி’ என்று படிப்பதா என்ற தயக்கத்தில்தான் போர் மூளும் நிலை வருகிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான உறுப்பினர் ஒருவர், கருவிக்கும் படைக்கருவிக்கும் நம் மொழியிலும் ஒரு முன்னொட்டுதானே இடைவெளி என்றார். அன்றைய கலந்துரையாடல் அதற்குமேல் வேறெங்கும் போகவில்லை, போகவும் தேவையிருக்கவில்லை.

ஆண்டின் சிறந்த மாலை எது என்று கேட்டால், ‘எ குவைட் பிளேஸ்’ (2018) ஓடிய மாலையைத்தான் சொல்வேன். பார்வையற்ற, ஓசையை மட்டுமே வைத்து வேட்டையாடும் உயிரினங்களுக்கு அஞ்சி ஒரு குடும்பம் சைகையால் பேசிக்கொண்டு, மணல் தூவிய பாதையில் வெறுங்காலோடு நடக்கிறது. மகளாக நடித்த மிலிசென்ட் சிம்மண்ட்ஸ் உண்மையிலேயே செவிப்புலன் இல்லாதவர்; அவர் பக்கமிருந்து காட்டும்போது படத்தின் ஒலி மங்கி, சில இடங்களில் முழுமையாக அற்றுப்போகிறது. அப்போதுதான் நம் அரங்கின் மின்விசிறிகள் எவ்வளவு சத்தம் போடுகின்றன என்பது தெரிந்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்துபோய் அவற்றை நிறுத்தினார். மே மாதத்துக்கு இணையான புழுக்கத்தில் வியர்த்துக்கொண்டே அனைவரும் பார்த்தனர். பின்வரிசையில் ஒருவர் பாதி பிரித்த மிக்சர் பொட்டலத்தைப் படம் முடியும்வரை அசையாமல் கையிலேயே பிடித்திருந்தார். தின்பண்டங்கள் இடைவேளையில் மட்டுமே என்று செயற்குழு ஈராண்டாகக் கேட்டுக்கொண்டும் நடக்காதது அன்று தானாக நடந்தது.

தமிழிலும் இப்படி ஒன்று உண்டா என்று கேட்டவர்களுக்காக, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து அ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’யின் (1963) சில பகுதிகளை டிசம்பரில் காட்டினோம். அங்கே வேற்றுலகத்தவர் வருவது நம்மை அழிக்க அன்று. தங்கள் உலகுக்குக் கலை கற்பிக்க ஒரு பாடகியைக் கவர்ந்து செல்வதற்கு. திகில் என்று பார்த்தால் மிகக் குறைவு. ஆனால் வருகைக்கான காரணம் இவ்வளவு கௌரவமாக அமைந்த படம் இவ்வாண்டில் வேறில்லை.

பிப்ரவரிக்கு அறிவித்திருந்த படத்துக்குத் திரையிடல் அனுமதி உரிய நாளில் வந்து சேராததால் அன்றைய நிகழ்ச்சி ரத்தானது. முன்கூட்டியே தகவல் கிடைக்காமல் வந்து திரும்பியவர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வாடகை ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் இரைச்சலாகவே கேட்கின்றன என்ற புகார் நான்கு முறை பதிவாகியுள்ளது. இவ்வகைப் படங்களில் காட்டாமல் விட்டதைக் காதுதான் நிரப்புகிறது என்பதால், சொந்தமாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்க ஒப்புதல் கோருகிறேன். அது கிடைத்தால், 1956இலும் 1978இலும் வெளிவந்த ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்’ படங்களை அடுத்தடுத்த வாரங்களில் திரையிட்டு ஒப்பிடலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. இரண்டாவதன் கடைசிக் காட்சியை ஏற்கெனவே பார்த்தவர்கள் மற்றவர்களிடம் சொல்லாமல் இருக்குமாறு இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

நாற்காலிகளை அடுக்கி உதவிய இளைஞர்களுக்கும், அரங்கை இரவு பத்தரை வரை திறந்துவைத்த காவலாளி அண்ணனுக்கும் கழகத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

செயலாளர்