'ஸ்டாண்ட் பை மீ' ஜான் லெனன் பாட்டு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஊட்டி, குன்னூர் விடுதிகளில் கேம்ப் ஃபயர் மூட்டிப் பாடுகிறவர்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, விருந்தினர்கள் அதிகம் கேட்கும் 'ஸ்டாண்ட் பை மீ' ஜான் லெனன் எழுதியது என்கிறது. அது தவறு. லெனன் 1975-இல் தன் 'ராக் அண்ட் ரோல்' ஆல்பத்தில் அதை மறுபடி பாடியவர், அவ்வளவுதான். பாட்டு அமெரிக்கப் பாடகர் பென் ஈ. கிங்குடையது.

ட்ரிஃப்டர்ஸ் குழுவிலிருந்து விலகிய கிங், 1960 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கில் 'ஸ்பானிஷ் ஹார்லெம்' பாடிய அதே அமர்வில் இதையும் பதிவு செய்தார். வெளிவந்தது 1961-இல். உடன் எழுதியவர்கள் ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டோலரும். இருவரும் 'எல்மோ கிளிக்' என்ற ஒரே புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டதால், பழைய இசைத்தட்டின் லேபிளில் அவர்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது. அப்போது அமெரிக்கப் பொதுப்பட்டியலில் நான்காம் இடம். 1986-இல் இதே பெயரில் படம் வந்ததும் மறுபடி முதல் பத்துக்குள் நுழைந்தது. 1987-இல் பிரிட்டனில் முதலிடம். அமெரிக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அந்த நூற்றாண்டில் அதிகம் ஒலித்த பாட்டுகள் என்று 1999-இல் பாடல் உரிமைத்தொகை வசூலிக்கும் பி.எம்.ஐ. அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இதற்கு நான்காம் இடம். மூன்றாவது, லெனன் இருந்த பீட்டில்ஸ் குழுவின் 'யெஸ்டர்டே'. குழப்பம் அங்கிருந்து வந்ததோ என்னவோ!

இது ஆலயத்தில் பிறந்த பாட்டு என்பதையும் கட்டுரையாளர் தொடவில்லை. பிலடெல்பியாவின் மெதடிஸ்ட் போதகர் சார்லஸ் ஆல்பர்ட் டின்ட்லி 1905-இல் இதே தலைப்பில் ஒரு ஞானப்பாட்டு எழுதினார். பிறகு சாம் குக்கும் ஜே.டபிள்யூ. அலெக்ஸாண்டரும் எழுதி, சோல் ஸ்டிரர்ஸ் குழு பாடிய 'ஸ்டாண்ட் பை மீ ஃபாதர்' வந்தது. கிங்குக்குப் பொறி தட்டியது அங்கேதான். பிதாவைக் கூப்பிட்ட இடத்தில் காதலியைக் கூப்பிட்டார். இரண்டாம் சரணத்தில் மலை இடிந்து கடலில் விழுவது பைபிளின் சங்கீதம் 46-இன் சாயல்: 'மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்'. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த நீலகிரியில் இதை வெறும் கவிதை மிகை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இனி கிட்டார் வாசிப்பவர்களுக்கு. இங்கே கேட்கும் பத்தில் எட்டு வாசிப்பில் ஒரே பிழை: நான்கு கார்டையும் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) ஆளுக்கு ஒரு பார் (நான்கு தட்டு கொண்ட ஓர் அளவு) என்று சமமாகப் பங்கிட்டுச் சுற்றுவது. மூலத்தில் சுற்று எட்டு பார். ஏ இரண்டு பார், எஃப் ஷார்ப் மைனர் இரண்டு, டி ஒன்று, ஈ ஒன்று, மறுபடி ஏ இரண்டு. முன்னிசை, சரணம், பல்லவி, வயலின்கள் தனியாக வரும் இடம் எல்லாமே இந்த ஒரே சுற்றுதான். சமமாகப் பங்கிட்டால் ஏ-யில் வந்து நிற்கும் அந்தக் கடைசி இரண்டு பார் பறிபோய், பாடகருக்கு மூச்சு வாங்க இடமிருக்காது. ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்தும் 'பார் கார்ட்' பிடிக்கக் கஷ்டப்படுகிறவர்கள் இரண்டாவது ஃப்ரெட்டில் கேபோ (தந்திகளை அழுத்தும் கவ்வி) மாட்டி ஜி, ஈ மைனர், சி, டி என்று பிடிக்கலாம். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 120 தட்டு.

பாட்டின் உயிர் பேஸில், அதாவது தாழ்ந்த சுரங்களில் ஓடும் அடித்தள வரியில் இருக்கிறது. லீபரும் ஸ்டோலரும் விரும்பிக் கையாண்ட பிரேசிலின் பையாவோ தாளம் அது. ஒரு பாரின் எட்டு அரைத்தட்டை மூன்று, மூன்று, இரண்டாகப் பிரிக்கும். மிருதங்கம் படித்த பிள்ளைகளிடம் 'தகிட தகிட தக' என்று சொல்லிவிட்டால் போதும். இரண்டு தகிடவிலும் முதல் எழுத்தில் மட்டும் ஏ ஒலிக்க வேண்டும். கடைசி 'தக' அடுத்த பாருக்கு ஏற்றிவிடும் சிறு சுரங்கள். ஏ-யிலிருந்து எஃப் ஷார்ப் மைனருக்குப் போகையில் ஜி ஷார்ப் வழியாக இறங்குங்கள். இடைவெளியை டிரம்ஸால் நிரப்பினால் பாட்டு செத்துவிடும். மூலத்தின் தொடக்கத்தில் பேஸை ஒட்டி வருவது டிரையாங்கிளும் ஒரு சுரண்டல் ஓசையும்தான். சுரண்டலுக்கு வரிவரியான தண்ணீர் பாட்டிலும் ஒரு குச்சியும் தாராளம். சரணத்தில் குரலை ஏற்றாதீர்கள். பல்லவிக்கு மிச்சம் வேண்டும்.

2018 மே 19 அன்று பிரிட்டனின் விண்ட்சரில் நடந்த அரச திருமணத்தில் கேரன் கிப்சன் தலைமையில் கிங்டம் கொயர் என்ற பாடகர் குழு பாடியது வேறு வழி: வேகத்தைக் குறைத்து, பேஸின் வேலையைக் குரல்களுக்குக் கொடுத்தது. நம் ஆலயப் பாடகர் குழுக்களுக்கு அதுவே பொருந்தும். இரண்டையும் கலந்து, கொயரின் வேகத்தில் கிங்கின் பேஸை வாசித்தால் இழுவையாக இருக்கும்.

மலைக்கே உரிய சிக்கல் ஒன்று. அறையில் சுருதி சேர்த்த கிட்டாரோடு நெருப்பின் பக்கத்தில் உட்கார்ந்தால் எஃகுத் தந்தி சூடேறித் தளர்ந்து சுருதி இறங்கும். பனியில் தள்ளி வைத்தால் ஏறும். பாடப்போகும் இடத்திலேயே கால் மணி நேரம் வைத்திருந்துவிட்டுச் சுருதி சேருங்கள், நெருப்பிலிருந்து ஆறடியாவது தள்ளி.

திருத்தத்தை அடுத்த இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குன்னூர்.