ஆறுகளை ஒப்பிடும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெவ்வேறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் ஓடும் ஆறுகளின் நீர்த்தர அளவீடுகளை ஒரே அட்டவணையில் அடுக்கி, தூய்மையான ஆறு, மாசடைந்த ஆறு என்று தீர்ப்பு வழங்கிவிடும் போக்கு மிகுந்த கவலை அளிக்கிறது.

சுண்ணாம்புப் பாறை நிலத்தில் ஊறி வரும் நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் இயல்பாகவே மிகுந்திருப்பதால், அதன் கடினத்தன்மையும் மின்கடத்துதிறனும் உயர்ந்தே காணப்படும்; கிரானைட் பாறைகளின் மீது வழிந்து வரும் நீரிலோ கரைந்த உப்புகள் குறைவு. முன்னதை மாசு என்று கொள்வது அந்த ஆற்றுக்கு இழைக்கும் அநீதி. அமிலக் கழிவைத் தாங்கும் ஆற்றல் அந்தக் கடினநீருக்கே அதிகம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் நேரமும் முடிவை மாற்றிவிடும். நீர்த்தரத்தை மதிப்பிட அளக்கப்படும் கரைந்த ஆக்சிஜனையே எடுத்துக்கொள்வோம். கடல்மட்ட அழுத்தத்தில், 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. மேலும், பாசி மிகுந்த ஆற்றில் ஒளிச்சேர்க்கையால் பிற்பகலில் உயரும் ஆக்சிஜன் விடியலுக்கு முன் வெகுவாகச் சரிந்துவிடும் என்பதால், ஓர் ஆற்றில் அதிகாலையிலும் மற்றொன்றில் பிற்பகலிலும் எடுத்த மாதிரிகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

நீரோட்ட அளவை விட்டுவிடுவதும் பெரும் பிழை. நைட்ரேட் செறிவு சமமாக இருந்தாலும், பத்து மடங்கு நீர் பாயும் ஆறு பத்து மடங்கு நைட்ரேட்டைச் சுமந்து செல்கிறது.

எனவே, ஒவ்வோர் ஆற்றையும் முதலில் அதன் பாதிப்பில்லாத மேற்பகுதியோடு ஒப்பிட்டு, அதிலிருந்து கீழ்ப்பகுதி எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் கணித்த பிறகே பிற ஆறுகளுடன் ஒப்பிட வேண்டும். ஆய்வு முடிவுகளை வெளியிடுவோர் மாதிரி எடுத்த தேதி, நேரம், நீரின் வெப்பநிலை, நீரோட்ட அளவு ஆகியவற்றையும் தவறாமல் உடன் வெளியிடுமாறு தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்