வட சென்னைக்கு வேலியிட்ட நாய்த் திடல் ஒன்று வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு நாய்களுக்கு உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி, மைக்ரோசிப், பொது இடத்தில் கயிறு, வாய்மூடி என ஒவ்வொன்றாகக் கட்டாயமாக்கி, உரிமம் பெறாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் பெருநகர சென்னை மாநகராட்சி அறிவித்ததை நாய் வளர்ப்பவன் என்ற முறையிலும் நான் வரவேற்கிறேன். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகு, ‘எங்கள் நாய் யாரையும் ஒன்றும் செய்யாது’ என்று சொல்லும் உரிமை எங்களில் எவருக்கும் இல்லை. ஆனால், பொது இடம் எதிலும் நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கக் கூடாது என்று விதி வகுக்கும் நிர்வாகம், அவிழ்ப்பதற்கென்று வேலியிட்ட இடம் ஒன்றையாவது ஒதுக்கித் தர வேண்டும். மாதவரம், மணலி, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை என வட சென்னை முழுவதும் நாய் வளர்ப்போர் அப்படியோர் இடத்தைத் தேடுகிறார்கள், கிடைத்தபாடில்லை.

கயிற்றைப் பிடித்து அரை மணி நேரம் நடத்திச் சென்றால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. முதிர்ந்த பொமரேனியனுக்கும், மூச்சு வாங்கும் பக் நாய்க்கும் ஒருவேளை அது போதும். எங்கள் வீட்டில் இருப்பது சிப்பிப்பாறைக் கலப்பு. முயல் வேட்டைக்காகத் தென் மாவட்டத்துக் கரிசல் காட்டில் தலைமுறை தலைமுறையாக ஓடிப் பழகிய இனத்தின் வாரிசு. அதை மொட்டை மாடியில் விட்டால், தண்ணீர்த் தொட்டியின் அடியிலிருந்து புறப்பட்டு நாலு பாய்ச்சல் பாய்வதற்குள் கைப்பிடிச் சுவர் வந்துவிடுகிறது. நகங்கள் தளத்தில் கிறீச்சிட, பின்னங்கால் சறுக்கி, சுவரில் தோளை உரசிக்கொண்டு திரும்பி, மறுபடியும் அதே நாலு பாய்ச்சல். கீழ்வீட்டில் இருப்பவர் இரவுப் பணி முடித்துத் தூங்குபவராக இருந்தால் அதற்கும் வழியில்லை. ஓட வேண்டிய நாய் ஓடாவிட்டால் அந்த வேகம் எங்கேயாவது வெளிப்பட்டே தீரும்: கதவு நிலையைக் கடிக்கும், இரும்புக் கேட்டைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைக்கும், அந்நியரைக் கண்டால் மேலே தாவும். அக்கம்பக்கத்தாருடன் வரும் சண்டைகளில் பாதி, நாயின் குணத்தால் அல்லாமல், அது நாள் முழுவதும் கட்டிக் கிடப்பதால் வருகிறது என்பது என் எண்ணம்.

கயிற்றில் நடத்திச் செல்வதும் எங்கள் பகுதியில் எளிதான காரியம் அன்று. பால் வண்டி வருவதற்கு முன்பே புறப்பட்டாலும், ஒவ்வொரு தெருமுனையும் ஒரு தெருநாய்க் கூட்டத்தின் எல்லை. முதலில் ஒரு நாய் எழுந்து நிற்கும். அதன் குரல் கேட்டு, நிறுத்தியிருக்கும் தட்டு வண்டியின் அடியிலிருந்தும் குப்பைத் தொட்டியின் பின்னாலிருந்தும் மற்றவை வந்து சுற்றி நிற்கும். அவற்றில் சிலவற்றின் காது நுனி வெட்டப்பட்டிருக்கும். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடப்பட்டவை என்பதற்கு அதுவே அடையாளம். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அப்படித்தான் செய்யச் சொல்கின்றன. தம் இடத்தைக் காக்கும் அந்த நாய்களிடம் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் ஐந்தடிக் கயிற்றின் முனையில், வாய்மூடியும் மாட்டப்பட்டு, ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் நிற்கும் நாய்க்கு, அந்த நடை உடற்பயிற்சியாகுமா என்பதைப் படிப்பவர்களே சொல்லட்டும். இதற்காகவே ஒரு கையில் கயிறும் மறு கையில் குச்சியுமாக நடப்பவர்களை வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் எந்த விடியற்காலையிலும் காணலாம்.

கடற்கரை இருக்கிறதே என்பார்கள். தென் சென்னைக்காரர்களுக்கு மணல் இருக்கிறது. எங்களுக்கு, காசிமேட்டைத் தாண்டினால் எண்ணூர் வரையில் கரையின் பெரும்பகுதி, கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் தூண்டில் வளைவுகளுமாகவே இருக்கிறது. அதை ஒட்டியே கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் விரைவுச் சாலை ஓடுகிறது. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய இடங்கள் மீனவர்களின் தொழில் இடங்கள். வலையும் தூண்டில் முள்ளும் கருவாடும் பரப்பியிருக்கும் இடத்தில் நாயை அவிழ்த்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ரெட்டேரிக் கரையில் சிலர் விடுகிறார்கள். ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வேகமாகப் பாயும் வண்டிகள். பெசன்ட் நகருக்குப் போவதென்றால் மாதவரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. விம்கோ நகர் வரை 2021-லேயே வந்துவிட்ட மெட்ரோவில் நாய்க்கு அனுமதியில்லை. மாநகரப் பேருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோக்காரர் நாயைப் பார்த்தவுடன் கேட்கும் தொகையை எழுதினால் நீங்களே அச்சிடத் தயங்குவீர்கள். கட்டணம் செலுத்தி நாயை ஓடவிடும் தனியார் இடங்களும் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமே இருக்கின்றன. கார் உள்ளவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை உல்லாசம். ஒண்டுக்குடித்தனத்தில் நாட்டு நாய் வளர்ப்பவருக்கு எட்டாக் கனி.

இடமில்லை என்ற பதிலைத்தான் அதிகாரிகள் முதலில் சொல்வார்கள். அதை ஏற்பதற்கில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளும் வளாகங்களும் நிலத்தில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் செய்து தர வேண்டும். ‘ஓ.எஸ்.ஆர். நிலம்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மாதவரமும் மணலியும் திருவொற்றியூரும் 2011-ல் மாநகராட்சியோடு இணைந்த பிறகு எத்தனை நகர்களும் அடுக்ககங்களும் எழும்பிவிட்டன என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவற்றின் ஒதுக்கீட்டு நிலங்களில் சில நல்ல பூங்காக்களாகியிருக்கின்றன. மற்றவை, மாநகராட்சிக்குச் சொந்தமானது என்ற பலகையும் துருப்பிடித்த பூட்டுமாக, உள்ளே சீமைக் கருவேலமும் இடித்த வீட்டுக் கற்குவியலுமாகக் கிடக்கின்றன. அப்படிக் கிடப்பவற்றில் ஒன்றைத்தான் கேட்கிறோம்.

கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் பழைய குப்பையைப் பிரித்தெடுத்து நிலத்தை மீட்கும் பணி நடக்கிறதே, அங்கே ஒதுக்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. மண்ணை முகர்ந்தும் தோண்டியும் நக்கியும் அறியும் பிராணி நாய்; பல பத்தாண்டுகள் கண்ணாடியும் மின்கலமும் ஊசியும் புதைந்து கிடந்த மண் அதற்கு ஆகாது. நகரத்தின் கழிவு எல்லாம் வடக்கே, நகரத்தின் வசதி எல்லாம் தெற்கே என்ற பழைய கணக்கை நாய் விஷயத்திலும் தொடர வேண்டாம் என்பது கூடுதல் காரணம். 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டத்தின் அளவை எண்ணிப் பார்த்தால், ஒரு வேலியும் இரண்டு கதவும் ஒரு தண்ணீர்க் குழாயும் அதில் கணக்கிலேயே வராத செலவு.

செலவைக் காட்டிலும், எப்படி அமைக்கப்போகிறார்கள் என்பதே என் கவலை. நம் ஊரில் பூங்கா என்றால் பேவர் பிளாக் பதித்து, நீரூற்று வைத்து, நுழைவாயிலில் சிமெண்டில் ஒரு விலங்கின் சிலையையும் நிறுத்தித் திறப்பு விழா நடத்திவிடுவார்கள். நாய்த் திடலுக்கு இவை எதுவும் வேண்டாம். பேவர் பிளாக் நிச்சயமாக வேண்டாம், சித்திரை வெயிலில் அது பாதத்தைப் பொசுக்கிவிடும். வேண்டியவற்றில் முதலாவது இரட்டைக் கதவு. வெளிக்கதவைத் திறந்து உள்ளே நுழைந்து, அதைச் சாத்திய பிறகு, நாலுக்கு ஆறடிக் கூண்டு போன்ற அந்த இடைவெளியிலேயே கயிற்றை அவிழ்த்து, அதன் பிறகே உள்கதவைத் திறக்க வேண்டும். ஒருவர் நுழையும்போது இன்னொருவரின் நாய் சாலைக்குப் பாய்ந்துவிடாமல் காப்பது இந்த ஏற்பாடுதான். கயிற்றை அங்கேயே அவிழ்ப்பதற்கும் காரணம் உண்டு: எல்லா நாயும் விடுதலையாகத் திரியும் இடத்தில் ஒன்று மட்டும் கட்டுண்டு நின்றால், விலகிப் போக வழியில்லாத அச்சத்தில் அதுதான் முதலில் கடிக்கும். வேலி ஆறடி உயரத்துக்குக் குறையக் கூடாது, அடிப்பகுதியை மண்ணுக்குள் இறக்கிக் கட்ட வேண்டும்; தாண்டத் தெரிந்த நாயும் உண்டு, தோண்டத் தெரிந்த நாயும் உண்டு. சிறிய நாய்களுக்குத் தனித் தடுப்பு அவசியம். ஓடும் சிறு நாயைப் பெரிய நாய் இரையாக எண்ணித் துரத்திவிடுவது, இரண்டுமே சாதுவாக இருந்தாலும் நடக்கக்கூடியது. நிழலுக்கு வேம்பும் புங்கையும் போதும். சாலைத் தடுப்புகளில் மாநகராட்சி விரும்பி வைக்கும் அரளியை மட்டும் தயவுசெய்து உள்ளே நட்டுவிட வேண்டாம். அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நாய்க்கு நஞ்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்காதபடி தரை சரிவாக இருக்க வேண்டும், ஏனெனில் தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்து பரவும் எலிக் காய்ச்சல் நாயையும் தாக்கும், நாயின் வழியாக மனிதரையும் தாக்கும்.

இது ஆகாத காரியம் என்று சொல்லவும் இயலாது. ஹைதராபாத் மாநகராட்சி 2018-லேயே கொண்டாப்பூர்ப் பகுதியில் 1.3 ஏக்கரில் நாய்களுக்கென்று தனிப் பூங்கா அமைத்துவிட்டது. சிங்கப்பூரில் பீஷான் – ஆங் மோ கியோ பூங்கா போன்ற பொதுப் பூங்காக்களின் உள்ளேயே வேலியிட்ட நாய் ஓட்டத் திடல்கள் இருக்கின்றன. எங்களுக்கு அத்தனை பரப்பு வேண்டியதில்லை; அரை ஏக்கர் கிடைத்தாலே பெரிது.

மனிதர்களுக்கே இடமில்லாத வட சென்னையில் நாய்க்குத் திடலா என்ற கேள்வி எழும் என்பதை அறிவேன், அதை அலட்சியமாகத் தள்ளிவிடவும் மாட்டேன். பிள்ளைகள் தெருவில் ஸ்டம்பு நட்டு, வண்டி வரும்போதெல்லாம் ஆட்டத்தை நிறுத்தும் ஊர் இது. எனவே இருக்கிற விளையாட்டுத் திடலிலோ பூங்காவிலோ ஓரடியும் எடுக்க வேண்டாம். ஆனால் இன்று விடியற்காலையில் பள்ளி மைதானத்திலும் ரயில்வே இடங்களிலும் நாயை அவிழ்த்துவிடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதும், நடைப்பயிற்சிக்கு வரும் முதியவர்கள் அதைக் கண்டு அஞ்சி ஓரம் ஒதுங்குகிறார்கள் என்பதும் உண்மை. வேலிக்குள் ஓர் இடம் இருந்தால், ‘அங்கே கொண்டு போங்கள்’ என்று அவர்கள் உரிமையோடு சொல்ல முடியும். அப்படியும் கேளாமல் அவிழ்த்துவிடுபவர் மீது, விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பதற்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

உரிமத் திட்டத்துக்கும் இதனால் பயனுண்டு. இப்போது உரிமம் பெற்றால் கிடைப்பது அபராதத்திலிருந்து தப்பிப்பது ஒன்றுதான். அதனால் பலர், சோதனைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். உரிம அட்டையும் தடுப்பூசிச் சான்றும் காட்டினால்தான் திடலுக்குள் அனுமதி என்று வைத்தால், தாமாகவே வந்து பதிவு செய்வார்கள். தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்படாத குட்டிகளையும், பருவத்திலிருக்கும் பெட்டை நாய்களையும், முன்பு கடித்த வரலாறுள்ள நாய்களையும் அனுமதிக்கக் கூடாது. தின்பண்டம் கொண்டுவரக் கூடாது. நாய்ச் சண்டைகள் பல பிஸ்கட்டில்தான் தொடங்குகின்றன. சிறு குழந்தைகளை அழைத்து வரவும் கூடாது. தன் நாயின் மலத்தைத் தானே அள்ளாதவரின் அனுமதியை ரத்து செய்ய வேண்டும். இந்த விஷயத்தில் நாய் வளர்ப்போராகிய நாங்கள் வாங்கியிருக்கும் கெட்ட பெயர் நியாயமானதே. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில்தான் இருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசி முகாமை அவ்வப்போது இத்திடலின் வாயிலிலேயே நடத்த அவர்களைக் கேட்கலாம்.

எனவே மாதவரம், மணலி, தண்டையார்பேட்டை மண்டல அலுவலகங்கள் தத்தம் எல்லையில் பயன்படாமல் கிடக்கும் ஓ.எஸ்.ஆர். நிலங்களின் பட்டியலைப் பரப்பளவோடு வெளியிட வேண்டும் என்றும், அவற்றில் ஒன்றில் ஆறு மாத காலத்துக்குக் கம்பி வேலியும் இரட்டைக் கதவும் மட்டும் போட்டு, காலை ஐந்து முதல் எட்டு மணி வரையும் மாலையில் சில மணி நேரமும் சோதனை முறையில் திறந்து பார்க்க வேண்டும் என்றும் மாநகராட்சி ஆணையரையும் எங்கள் பகுதி மாமன்ற உறுப்பினர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் வெளிவந்தால் நிலங்களை நேரில் பார்த்து, எது பொருந்தும், எது பொருந்தாது என்று எழுதித் தர எங்கள் பகுதி நாய் வளர்ப்போர் ஆயத்தமாக இருக்கிறோம். கருவேலம் வெட்டும் நாளில் ஆள் வேண்டுமென்றாலும் வருவோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மாதவரம், சென்னை – 60.