மாலை ஆறு மணிக்குப் பிறகு: சுற்றுலாத் துறையினருக்கும் அரங்க நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

நாடுகளின் சுற்றுலாத் துறைகளை நடத்தும் அதிகாரிகளுக்கும், நாடக, இசை, நடன அரங்குகளை நிர்வகிப்போருக்கும் வணக்கம்.

ஒரு நாட்டுக்கு வரும் பயணியின் பகல் பொழுதை நீங்கள் நன்றாகவே திட்டமிட்டுக் கொடுக்கிறீர்கள். அருங்காட்சியகம் எத்தனை மணிக்குத் திறக்கும், கோட்டைக்கு எந்தப் பேருந்து போகும், எந்தக் கிழமை விடுமுறை என்பவையெல்லாம் விமான நிலையத்திலேயே கையேடாகக் கிடைக்கின்றன. மாலை ஆறு மணியானதும் அந்த அக்கறை நின்றுபோகிறது. அந்த ஊர் மக்கள் அன்றிரவு எந்த அரங்கில் எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று விடுதியில் விசாரித்தால், பயணிகளுக்கென்றே விருந்தோடு சேர்த்து நடத்தப்படும் கலைநிகழ்ச்சி ஒன்றின் துண்டறிக்கைதான் பெரும்பாலும் கைக்கு வருகிறது. பயணிக்கெனத் தனி மேடை அமைப்பதற்குச் செலவாகும் பணத்திலும் உழைப்பிலும் ஒரு பங்கையாவது, உள்ளூர் ரசிகர்கள் அமரும் அரங்குக்குள் அவரை அழைத்து வருவதற்குச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பயணிகள் அதிகம் பார்க்கும் நிகழ்ச்சிகள் எல்லாமே போலி என்று நான் சொல்லவில்லை. வியட்நாமின் ஹனோய் நகரில் ஹோவான் கியெம் ஏரிக்கு அருகிலுள்ள தாங் லாங் நீர்ப் பொம்மலாட்ட அரங்கில் ஒரு காட்சி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஒரே நாளில் பல காட்சிகளும் நடக்கின்றன. ஆனால் திரைக்குப் பின்னால் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, நீருக்கடியில் மறைந்திருக்கும் நீண்ட கழிகளால் பொம்மைகளை இயக்குபவர்கள் தேர்ந்த கலைஞர்கள். பாட்டும் வாத்தியமும் அங்கேயே நேரில் இசைக்கப்படுகின்றன. செந்நதிப் படுகையின் கிராமக் குளங்களில் வளர்ந்த ஒரு கலை, நேரத்தைக் குறைத்துக்கொண்டதே தவிர நுட்பத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

பாலித் தீவினர் இந்தச் சிக்கலை இன்னும் ஆழமாக யோசித்தவர்கள். பயணிகள் பெருகப் பெருகக் கோயில் சடங்கு நடனங்களும் விலைபோய்விடுமோ என்ற கவலை எழுந்தபோது, 1971இல் அங்கே ஒரு கருத்தரங்கு கூடி, நடனங்களை மூன்றாக வகுத்தது. சடங்குக்கே உரியவை 'வாலி', சடங்கை ஒட்டி ஆடப்படுபவை 'பெபாலி', எவரும் கண்டு மகிழ ஆடப்படுபவை 'பாலி-பாலிஹான்' எனப்பட்டன. நடைமுறையில் அந்தக் கோடு அவ்வப்போது மங்கியது உண்மைதான். ஆனாலும் பயணியிடம் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதைப் பயண ஏற்பாட்டாளரிடம் விட்டுவிடாமல் கலைக்கு உரியவர்களே பேசி முடிவு செய்ய முயன்றார்களே, அந்த முறையை மற்ற நாடுகளும் பின்பற்றலாம். 2015இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பாலி நடனங்களைச் சேர்த்ததும் இந்த மூன்று வகைகளின் பெயரில்தான்.

உள்ளூர் அரங்குக்குப் பயணி வரத் தயங்குவதற்கு நீளமும் மொழியும் காரணங்கள் என்பீர்கள். இரண்டுக்கும் விடை முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஜப்பானிய மரபு நாடகமான கபுகி நடக்கும் டோக்கியோவின் கபுகிசா அரங்கில் ஒரு முழு நிகழ்ச்சி நான்கு மணி நேரம்கூட ஓடும். அவ்வளவு நேரமோ பணமோ இல்லாதவர், நான்காம் தளத்தில் அமர்ந்து ஒரே ஓர் அங்கத்தை மட்டும் பார்ப்பதற்குத் தனிச்சீட்டு உண்டு. அது பயணிகளுக்காக ஏற்பட்ட சலுகை அன்று, உள்ளூர் ரசிகர்களும் பயன்படுத்தும் பழைய வழக்கம். மேடையில் நடப்பதும் அதே நடிகர்களின் அதே ஆட்டம்தான். மொழியைப் பொறுத்தவரை, 1983இல் டொரோண்டோவில், ஓபரா என்னும் மேற்கத்திய இசை நாடகத்தை நடத்தும் கனடிய ஓபரா கம்பெனி, மேடைக்கு மேலே பாடல்வரிகளின் மொழிபெயர்ப்பை ஒளியில் காட்டத் தொடங்கியபோது, இசையைக் கெடுக்கும் வேலை இது என்று பலர் முகம் சுளித்தார்கள். 1995இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா, வேண்டுபவர் மட்டும் பார்த்துக்கொள்ளும்படி ஒவ்வோர் இருக்கையின் முன்னும் சிறு திரையைப் பொருத்திய பின் அந்த வாதமும் வலுவிழந்தது. வியன்னா அரசு ஓபராவில் இன்று அத்தகைய திரை பல மொழிகளில் பேசுகிறது. அவ்வளவு செலவுக்கு வழியில்லாத சிறு அரங்குகள், கதைச்சுருக்கத்தை ஒரு தாளில் அச்சிட்டு வாசலில் கொடுத்தாலே போதும். அதைக்கூடச் செய்யாதவை இன்னும் ஏராளம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை நுழைவுச்சீட்டில் இருக்கிறது. நல்ல அரங்குகள் பலவற்றின் முன்பதிவுத் தளங்கள் உள்ளூர்க் கைப்பேசி எண் கேட்கின்றன, அந்த எண்ணுக்கு வரும் கடவுச்சொல் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடுவதில்லை, வெளிநாட்டு வங்கி அட்டையை ஏற்பதில்லை. இதைத் திட்டமிட்டு யாரும் செய்திருக்க மாட்டார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் சீட்டு வாங்க முயல்வார் என்று யாருக்கும் தோன்றாததன் விளைவு இது. அங்கே முடியாதவர் போய்ச் சேரும் இடம் மறுவிற்பனைத் தளம். அரங்கின் அதிகாரபூர்வத் தளம் போலவே தோற்றம் காட்டி, பல மடங்கு விலைக்கு விற்கும் அத்தகைய தளங்களில் அதிகம் ஏமாறுபவர், உண்மையான விலை என்னவென்று அறியாத பயணியே. ஜப்பான் 2019இல் அனுமதியற்ற மறுவிற்பனையைச் சட்டத்தால் தடுத்தது. அயர்லாந்து 2021இல் சீட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. சட்டம் வேண்டியதுதான், ஆனால் அது பாதி வேலை. நேர்மையான வழியில் சீட்டு எளிதாகக் கிடைத்தால்தான் குறுக்கு வழியைத் தேடும் அவசியம் குறையும். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 1973இலிருந்து, அன்றைய காட்சிகளில் விற்காமல் மிஞ்சும் இருக்கைகளைக் குறைந்த விலைக்கு விற்கும் சாளரம் ஒன்று இயங்கிவருகிறது. அங்கே வரிசையில் நிற்பவரிடம் எந்த நாட்டுக் கைப்பேசி எண் என்று யாரும் கேட்பதில்லை. லண்டனின் ஆல்பர்ட் மண்டபத்தில் நடக்கும் புரோம்ஸ் இசை விழாவிலும், வியன்னா அரசு ஓபராவிலும் நின்று பார்ப்பவர்களுக்கு மலிவான சீட்டுகள் உண்டு. கால் வலித்தாலும் பரவாயில்லை என்று நிற்கும் மாணவருக்குப் பக்கத்திலேயே பயணியும் நிற்கிறார். இதைவிட நல்ல அறிமுகத்தை எந்த விளம்பரத் துறையும் தந்துவிட முடியாது.

பருவக் கணக்கையும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பாவின் பெரிய அரங்குகள் பல, பயணிகள் மிகுதியாக வரும் கோடையில்தான் மூடிக்கிடக்கின்றன. வியன்னா அரசு ஓபராவும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் விடுமுறை எடுத்துக்கொள்கிறது. அந்நகரத் தெருக்களில் இசைமேதை மொசார்ட் காலத்து உடையும் பொய்முடியும் அணிந்து பயணிகளுக்கான கச்சேரிச் சீட்டு விற்பவர்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கலைஞர்களுக்கு ஓய்வு வேண்டாம் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் இளங்கலைஞர்களையும் இசைப் பள்ளி மாணவர்களையும் கொண்டு அந்த இரு மாதங்களில் சிறு நிகழ்ச்சிகளை அரங்கின் பெயரிலேயே நடத்தலாம். அவர்களுக்கும் பார்வையாளர்கள் கிடைப்பார்கள்.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள். தாமதமாக வருபவர் இடைவேளை வரை வெளியே காத்திருக்க வேண்டுமா, பெரிய பையை உள்ளே கொண்டுவரலாமா, எத்தகைய உடை வேண்டும் என்பவற்றைச் சீட்டிலேயே வருபவருக்குப் புரியும் மொழியில் அச்சிடுங்கள். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும், அதற்குப் பிறகு நகருக்குத் திரும்பக் கடைசி ரயில் எப்போது என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். முடியும் நேரம் தெரியாத ஒரே காரணத்தால் பலர் கடைசி அங்கத்துக்கு முன்பே எழுந்து போய்விடுகிறார்கள்.

இப்படிக்கு,
அரங்குகளைத் தேடிச் செல்லும் பயணி ஒருவர்